நூற்றுப் பதினோரு பைட்

டூலூத்தில் ஜனவரி.
ஏரி உறைந்து கிடக்கிறது, கப்பல்கள் கட்டிக் கிடக்கின்றன.
இரும்புத் தாதுக்கு எடைச்சீட்டு எழுதுகிற எனக்கு
ஏப்ரல் வரை வேலையில்லை.
துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்
என் கணினி. அதற்குப் பக்கத்தில்
இன்று வந்த தபால்.

தொலைபேசிக் கம்பியில் போய்
தூரத்துக் கணினியின் கதவைத் தட்ட
ஒரு டெர்மினல் நிரல் எழுதி
பன்னிரண்டு டாலருக்கு விற்றேன்.
வாங்கியவர்கள் நன்றி எழுதுவதில்லை.
இன்னும் என்ன வேண்டும் என்று எழுதுகிறார்கள்.

ஃபார்கோவிலிருந்து ஓர்வில் ஹாக்ஸ்டாட்:
‘உங்கள் திரைக்கு நாற்பதெழுத்து அகலம்.
கோதுமை விலை கேட்டால்
ஒரு வரி முடிவில் கோது,
மறு வரி முதலில் மை.
உமியையும் மையையும் வைத்துக்கொண்டு
நான் எதை விற்பது?’

வினோனாவிலிருந்து ஒரு பாதிரியார்:
‘பச்சை எழுத்தை மாற்றுங்கள்.
சனி இரவெல்லாம் திரை பார்த்துவிட்டு
ஞாயிறு பூசையில் தூக்கிப் பிடித்தால்
அப்பம் இளஞ்சிவப்பாய்த் தெரிகிறது.
எனக்கு இது நல்லதல்ல.’

வென்டெல் குரூப்பா, வயது பதிமூன்று, பென்சிலில்:
‘எதிர்முனை பிஸி என்றால் தானாக மறுபடி சுழற்றணும்.
முக்கியம்: மோடம் கத்தக் கூடாது.
அம்மா தூக்கம் லேசானது.’

லூயெல்லா ஸ்ட்ரோபெல் ஒரே வரி:
‘எனக்குக் காது கேட்காது;
மணி அடிக்கும்போது திரை மின்னட்டும்.’

உழக்குக்குள் கிழக்கு மேற்கு என்பார்களே,
அதுதான் இந்தப் பெட்டியின் நினைவகம்.
முப்பத்தெட்டு கிலோபைட்டில்
எள் போட இடமில்லை.
விரல் விட்டு எண்ணினேன்.
நூற்றுப் பதினோரு பைட் மிச்சம்.

மின்னலுக்குப் பத்தொன்பது. யோசிக்கவே இல்லை.
பாதிரியாருக்கு ஓர் எண்ணை மாற்றினால் போதும்,
அவருக்கென்று தனி வட்டு.
மோடத்தின் வாயைப் பொத்த ஆறு பைட்;
வென்டெலின் அம்மா என்னை மன்னிக்கட்டும்.
மறுபடி சுழற்றுவதை அவன் விரலே செய்யட்டும்.

கடைசி உறை.
தீஃப் ரிவர் ஃபால்ஸ், டெல்ஃபீன் மார்ச்சுக்:
‘தம்பி அலாஸ்காவில் எண்ணெய் முகாமில்.
வாரம் ஒரு கடிதம் கணினியில் போட்டு வைப்பான்.
முன்பு முந்நூறு வேகத்தில் எழுத்தெழுத்தாய் வரும்,
அவன் யோசித்து யோசித்துப் பேசுகிற மாதிரி.
இப்போது அங்கே ஆயிரத்து இருநூறுதான் எடுக்கிறார்கள்.
கடிதம் பொத்தென்று விழுகிறது,
தட்டில் வைத்த மீன் மாதிரி.
மெதுவாக்க ஒரு விசை தர முடியுமா?
தொலைபேசிக் கட்டணம் என் பாடு.’

எல்லோரும் வேகம் கேட்ட வருஷம் அது.
கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.
வெறுமனே தாமதித்தால் பின்னால் வருவது வழிந்துவிடும்;
எதிர்முனையிடம் நில் என்று சொல்லணும்,
இவள் படித்த பிறகு வா என்று சொல்லணும்.
ஐம்பத்தேழு பைட்.
விடியும்போது வேலை முடிந்தது.

இருபத்தொன்பது பாக்கி.
வரியைச் சொல் பார்த்து மடிக்க
இருநூறு வேண்டும்.
முகப்பில் நான் வரைந்த தாதுக் கப்பல்
நூற்றெண்பதைத் தின்றுகொண்டு நிற்கிறது.
அதை எடுத்தால் கோதுமை ஒன்றுசேரும்.
எடுக்கவில்லை.
ஓர்வில், கோபிக்காதீர்கள்,
ஏப்ரல் வரை இந்த ஊரில்
ஓடுகிற கப்பல் அது ஒன்றுதான்.

புது விசையைச் சோதிக்க ஏதாவது வேண்டுமே.
போன மாதம் யாரோ பெயரில்லாமல்
எனக்கு விட்டிருந்த செய்தியை எடுத்தேன்.
ஏற்கெனவே படித்ததுதான், மனப்பாடம்.
இருந்தும்,

உ ங் க ள்   நி ர ல்   ஒ ரு   கு

என்று வந்து நின்றபோது
குதிரையோ, குயிலோ, குழந்தையோ என்று
திரைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.